சிறுவாடு: பெண்ணின் கைப்பணமும் மனநலமும்

மருத்துவமனைக்கு வரும் பெண்களிடம் “என்ன செய்கிறது?” என்று கேட்டால், வரும் விடைகள் பெரும்பாலும் உடலைப் பற்றியவையாகவே இருக்கும். தலைவலி, கைகால் குடைச்சல், நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், கண்ணைக் கட்டும் கிறுகிறுப்பு, தூக்கமின்மை. இரத்தப் பரிசோதனை செய்து, இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, குறிப்பிடத்தக்க குறை ஏதும் தென்படாத நிலையில், “வீட்டில் ஏதாவது கவலையா?” என்று மருத்துவர் வினவுவார். சற்று நேரம் பேச்சிராது. பின்னர் வரும் விடை பலமுறை பணத்தைப் பற்றியதாக இருக்கும்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஒரு பெண்மணி வந்தார். (அவர் யாரென்று அறியப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) நாற்பது வயதைக் கடந்தவர். நகருக்குத் தெற்கே உள்ள உப்பளங்களில் இருபது ஆண்டுகளாக உப்பு வாரிச் சுமப்பவர். கணவர் விசைப்படகில் கூலிக்குச் செல்பவர். இரண்டு மாதங்களாகத் தலைவலி, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மீண்டும் தூக்கம் வருவதில்லை, சோறும் இறங்குவதில்லை. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டார். பரிசோதித்த மருத்துவர், “மூன்று மணிக்கு விழித்ததும் முதலில் நினைவுக்கு வருவது என்ன?” என்று கேட்டார்.

“யாராருக்கு எவ்வளவு குடுக்கணும்னு விரல் விட்டு எண்ணுவேன், டாக்டரம்மா. எண்ணி முடியுமுன்ன விடிஞ்சிரும்.”

இந்த எண்ணுதலைப் பற்றியதே இக்கட்டுரை.

தூத்துக்குடிக் கரையின் வருமானம் மாதச் சம்பளத்தைப்போல ஒரே சீராக வருவதன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் நிலை இதுவே. பார்களில் சிப்பி விளைந்த ஆண்டில் கரையெங்கும் பணம் புழங்கும்; விளையாத ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளுக்குப்பின் இந்தக் கரையில் அத்தகைய முத்துக்குளிப்பு நடைபெறவே இல்லை. முத்து போயிற்று; ஏற்ற இறக்கம் மட்டும் நின்றுவிட்டது. இன்று விசைப்படகுகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நிற்கின்றன. உப்பளத்தில் வேலை வெயிலை நம்பியது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கி, அக்டோபர் முதல் ஏறத்தாழ ஆண்டு முடியும்வரை வேலை நின்றுபோகும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, வீடுகளும் உப்பளங்களும் எந்த நிலைக்கு ஆளாயின என்பதை இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

வருமானம் நிற்கலாம்; அடுப்பு நிற்க முடியாது. இடைப்பட்ட மாதங்களை ஓட்டிச் செல்லும் வேலை பெண்ணுடையது. அரிசிக் கடையில் கடன் சொல்வது, கைமாற்று வாங்குவது, சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுப்பது, சங்கிலியை அடகு வைப்பது, பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு வாரம் தவணை கேட்பது ஆகிய அனைத்தையும் செய்பவர் அவரே. கன்னியாகுமரி மாவட்டத்தின் முக்குவர் பெண்களைப் பற்றி மானுடவியலாளர் கல்பனா ராம் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், ஆண்கள் கடலில் இருக்கையில் கரையின் கடன்களையும் வரவு செலவையும் நிர்வகிப்பவர்கள் பெண்களே என்பதை விரிவாகக் காட்டியது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ என்ற நாவலாக எழுதியது அதற்கும் முன்னர், 1979இல். இன்று கருவி மாறியிருக்கலாம். கைமாற்றுக்குப் பதில் கைப்பேசிக் கடன் வந்திருக்கலாம். எண்ணுகிற விரல்கள் மாறவில்லை.

பணக் கவலை மனத்தை என்ன செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆய்வாளர்கள் இருமுறை சந்தித்தனர். முதன்முறை அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களில். இரண்டாம் முறை அறுவடை முடிந்து பணம் வந்தபின். இருமுறையும் அவர்களுக்குச் சில புதிர்களும், கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளும் தரப்பட்டன. அதே மனிதர்கள், அதே அறிவு. எனினும் பணம் வந்தபின் செய்த சோதனையில் தெளிவாகவே மேம்பட்டிருந்தனர். இவ்வாய்வு 2013ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. பற்றாக்குறை மனத்தின் ஒரு பகுதியை எந்நேரமும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மற்ற வேலைகளுக்கு எஞ்சுவது குறைவு என்பது ஆய்வாளர்கள் கண்ட முடிவு.

இது பெண்களுக்கென்று தனியே செய்த ஆய்வன்று. ஆயினும், மருத்துவமனையில் நாங்கள் அன்றாடம் காணும் பலவற்றுக்கு இது விளக்கம் தருகிறது. மருந்தை எப்போது உட்கொள்ள வேண்டும் என்று இருமுறை சொல்லியும் மறந்துவிடுகிற தாய், மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிடுகிற மனைவி, சீட்டைத் தொலைத்துவிட்டு நிற்கிற மாமியார் ஆகியோரை “அக்கறையில்லை” என்று குடும்பத்தார் கடிந்துகொள்வதைக் கேட்டிருக்கிறோம். அக்கறை இருக்கிறது, அதற்குரிய இடம் மனத்தில் வேறொன்றால் நிரம்பியிருக்கிறது.

உடலும் இதில் பங்கு கொள்கிறது. ஆபத்து வரும்போது உடலைத் தயார்ப்படுத்தச் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற சுரப்புகள், ஆபத்து நீங்கியதும் அடங்க வேண்டியவை. திங்கள்தோறும் தவணை, வியாழன்தோறும் தவணை என்று அபாயம் நாள்குறித்து வந்துகொண்டே இருந்தால் அவை அடங்குவதில்லை. தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்க மறுக்கின்றன, தசைகள் இறுகித் தலைவலியும் கழுத்துவலியும் தொடர்கின்றன. இந்நிலை நீடிக்கும்போது மனச்சோர்வு நோயாக முதிர்வது உண்டு. இந்நோய் ஆண்களைக் காட்டிலும் பெண்களிடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதற்கு உடலியல் காரணங்களும் உண்டு. வாழ்வியல் காரணங்களும் உண்டு. நம் பெண்களில் பலர் அதை “மனசு சரியில்லை” என்று சொல்வதில்லை. “உடம்பு அசதி” என்றுதான் சொல்கிறார்கள்.

அப்படியானால் பணம் மிகுதியாக இருந்தால் மனம் நலமாக இருக்குமா? இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. எங்களிடம் வருவோரில் உப்பளத் தொழிலாளர் மட்டுமல்லர், கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் நல்ல ஊதியம் பெறுவோரின் மனைவியரும் உள்ளனர். மாடி வீடு, கார், பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி. ஆனால் ஆட்டோவுக்கு நூறு ரூபாய் வேண்டுமென்றால் மாமனாரிடம் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். மருந்துக் கடை ரசீதை மாலையில் காட்ட வேண்டும். அவர்களுக்கும் அதே படபடப்பு, அதே விடியற்கால விழிப்பு. பணம் வீட்டில் இருக்கிறது. அவர் கையில் இல்லை.

சிறுவாடு என்ற அழகிய சொல் நம்மிடம் உண்டு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும், முட்டை விற்றும், பாய் முடைந்தும், கருவாடு காயவைத்தும் ஒரு பெண் தனக்கென்று சேர்க்கும் சிறு தொகை அது. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் முடிச்சாக இருக்கும். தொகை சிறியதுதான். ஆனால் அதைச் செலவிட யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதில்தான் அதன் மதிப்பு இருந்தது. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது, பல ஆண்டுகளாகச் சேர்த்த சிறுவாட்டைக் கணவரிடமோ மகனிடமோ காட்டி மாற்றித் தரச் சொல்ல வேண்டிய நிலை எத்தனையோ பெண்களுக்கு ஏற்பட்டது. நகைச்சுவையாக அன்று பலரும் பேசினர். அந்தப் பெண்களுக்கு அது நகைச்சுவையாக இருந்திருக்காது.

பணத்தின் மீதான இந்தப் பிடி எவ்வளவு தூரம் ஒரு பெண்ணைக் காக்கிறது என்பதற்குக் கேரளத்தில் நடந்த ஓர் ஆய்வு சான்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பொருளியலறிஞர் பீனா அகர்வாலும் நடத்தி 2005இல் வெளியிட்ட அவ்வாய்வில், தம் பெயரில் எச்சொத்தும் இல்லாத மணமான பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவரிடம் அடி உதை பட்டதாகக் கூறினர். நிலம் வைத்திருந்தோரில் இது 18 விழுக்காடு. வீடு வைத்திருந்தோரில் 10. நிலமும் வீடும் உடையோரில் 7. வீடு தன் பெயரில் இருக்கும் பெண்ணுக்குப் போவதற்கு ஓர் இடம் உண்டு என்பது அவருக்கும் தெரியும், கணவருக்கும் தெரியும். கல்வியோ வேலையோ மட்டும் தராத பாதுகாப்பு அது.

இக்கண்ணோட்டத்தில் பார்த்தால், 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாயில் எமக்கு முக்கியமாகத் தோன்றுவது அது பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்குச் செல்கிறது என்பதே. அதற்கும் முன்பிருந்தே கடலோரத்தில் நடைமுறையில் இருப்பது மீனவ மகளிர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். மீனவப் பெண் ஒன்பது மாதங்களில் 1,500 ரூபாய் சேமிக்கிறார். அரசின் 3,000 ரூபாயும் சேர்ந்து, மீன்வரத்துக் குறைந்த மூன்று மாதங்களில் 4,500 ரூபாயாக அவருக்கே திரும்புகிறது. தொகை பெரிதன்று. ஆயினும் வரவு குறையும் மாதத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து அமைத்த திட்டம் அது. உப்பளத் தொழிலாளர்களுக்கும் மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இவற்றுக்குப் பதிவு செய்திராத பெண்கள் இன்னும் எங்கள் வார்டுகளில் இருக்கிறார்கள் என்பதால்தான் இதனை இங்கு எழுதுகிறோம்.

ஆனால் கணக்கு அவர் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. 1921இல் நாடார் வங்கியாக இந்நகரில் தோன்றிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி இன்று நாடெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. வங்கித் தொழிலில் அத்தனை பழைய ஊர் இது. இவ்வூரிலேயே, தம் கணக்கின் ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது, இரகசிய எண் என்ன என்று அறியாத பெண்களை வாரந்தோறும் சந்திக்கிறோம். கைப்பேசி எண் மகனுடையது. குறுஞ்செய்தி அவனுக்குப் போகிறது. முன்னே சொன்ன உப்பளப் பெண்மணியின் நிலையும் அதுதான். நிவாரணம் வந்ததா, உரிமைத் தொகை வந்ததா என்று கேட்டபோது, “வந்திருக்கும்” என்றார்.

சில வீடுகளில் இது கவனக்குறைவு. சில வீடுகளில் இது திட்டமிட்ட செயல். வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுத்தல், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்ளுதல், அவருடைய நகையை அவர் இசைவின்றி விற்றல் அல்லது அடகு வைத்தல் ஆகியவற்றை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ‘பொருளாதார வன்கொடுமை’ என்ற பிரிவில் சேர்த்திருக்கிறது. கை ஓங்கினால்தான் வன்முறை என்றில்லை. திருமணத்தின்போதும் பின்னரும் பெண்ணுக்குத் தரப்பட்ட நகையும் பொருளும் அவருடைய சொத்து. இவ்வகைத் துன்பத்தில் இருப்போர் மகளிர் உதவி எண் 181ஐ அழைக்கலாம்; இலவச சட்ட உதவிக்கு எண் 15100. மருத்துவரிடமும் சொல்லலாம். சிகிச்சை வேண்டிவரும் எந்தப் பெண்ணையும் இக்காரணத்தால் எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று அச்சட்டமே கூறுகிறது.

இனிக் கடன். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989இல் தருமபுரியில் தொடங்கியது. குழுவில் கூடிப் பேசுவதும், கையெழுத்துப் போடப் பழகுவதும், வங்கிக்குள் நிமிர்ந்து நடப்பதும் பெண்களுக்குத் தந்த துணிவை நாங்கள் நன்கறிவோம். ஆனால் சேமிப்பை முதலாகக் கொண்ட குழு வேறு. சேமிப்பே இல்லாமல் வாராவாரம் வசூலுக்கு வரும் நுண்கடன் நிறுவனம் வேறு. இரண்டையும் மக்கள் ‘குழுக் கடன்’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள், அங்கேதான் குழப்பம். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற கட்டாயத்தில், கடனைவிட அக்கம்பக்கத்தாரின் முகத்தை எதிர்கொள்வதே பெரிய துயராகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது என்று போகும்போது எண்ணுதல் இரவுகளுக்கும் நீள்கிறது.

நுண்கடன் பெற்றோர் அறிய வேண்டியவை சில உள. இந்திய ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு வழங்கும் இக்கடனுக்கு ஈடு எதுவும் கேட்கக் கூடாது. அக்குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்து மாதந்தோறும் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் முதலிய விவரங்களைக் கடன் பெறுபவருக்குத் தெரிந்த மொழியில் எழுதித் தர வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் தொல்லை தரக் கூடாது, இழிசொல் கூடாது, உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் துன்புறுத்தக் கூடாது. விதி மீறப்பட்டால் முதலில் அந்நிறுவனத்திடமும், தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணிலும் முறையிடலாம். கந்துவட்டி வாங்குவதைத் தடை செய்யும் மாநிலச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாசலில் நின்று சத்தமிடுபவரிடம் இச்சட்டங்களைச் சொல்லி வாதாடுவது எளிதன்று என்பதை அறிவோம். தவறு முழுவதும் தன்னுடையதே என்று உள்ளுக்குள் ஒடுங்கிப்போகாமல் இருப்பதற்காவது இவ்வறிவு பயன்படும்.

நோய் ஒரு குடும்பத்துக்குள் வரும்போது மேற்சொன்ன எல்லாமும் ஒரே நாளில் வெளிப்படுகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் மனைவியிடம் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாது. கணவரின் கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்க வழியில்லை. கழுத்திலிருந்து சங்கிலி முதலில் கழன்றுவிடுகிறது. வீட்டில் உள்ளோருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: அடகுக் கடைக்குப் போகுமுன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கு வாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை அங்கே சொல்வார்கள். அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் கொண்டு விண்ணப்பிக்க வழிகாட்டுவார்கள்.

நோயாளி பெண்ணாக இருந்தால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அவர் தம் செலவை முதலில் வெட்டுகிறார். ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்வார். இன்சுலினை “இன்றைக்கு வேண்டாம்” என்று தள்ளிப்போடுவார். “எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பார். இதைத் தியாகம் என்று வீட்டில் மெச்சிக்கொள்ளும் வழக்கம் எமக்கு உடன்பாடன்று. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவை வீட்டுக்கே வருகின்றன. உடைத்துச் சேமிக்கும் மாத்திரை பின்னாளில் பெருஞ்செலவாகத் திரும்பி வரும்.

கணவர்மாரிடமும் மகன்களிடமும் ஒரு சொல். கடனை மனைவியிடம் மறைப்பது அவரைக் கவலையிலிருந்து காப்பதற்காக என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் ஏதோ இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு என்பதுதான் தெரிவதில்லை. தெரிந்த ஒரு லட்சத்தைவிடத் தெரியாத தொகைதான் இரவில் பெரிதாக வளர்கிறது. மாதத்தில் ஒருநாள் மாலை, கணவனும் மனைவியும் உட்கார்ந்து, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, அடகில் இருப்பது, காப்பீடு, கணக்கு எண்கள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். முதல் முறை சண்டை வரக்கூடும். இரண்டாம் முறை குறையும் என்பது இதைச் செய்த குடும்பங்கள் எமக்குச் சொன்னது.

அந்த நோட்டில் எழுத வேண்டிய இன்னொன்று, ஒவ்வொரு கணக்குக்கும் நாமினி யார் என்பது. நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்பவரேயன்றி, அதனாலேயே அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உரிமை வாரிசுச் சட்டப்படியே அமையும். உயில் எழுதாமல் இறந்த கிறித்தவரின் சொத்தில், பிள்ளைகள் இருப்பின், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது மகன் மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கும் சேரும். இந்துக் குடும்பங்களில் மனைவியும் பிள்ளைகளும் தாயும் சமபங்கு பெறுவர். இசுலாமியச் சட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. கடலுக்குப் போகிறவர் வீட்டில் இதைப் பேசுவது அபசகுனம் என்று சிலர் தயங்குவர். ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்பதில் அபசகுனம் ஏதுமில்லை.

இவையெல்லாம் பணத்தைச் சீர்செய்யும் வழிகள். நோயாக முதிர்ந்துவிட்ட மனச்சோர்வு இவற்றால் மட்டும் தீராது. அதற்கு மருத்துவம் வேண்டும். மருத்துவர்கள் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். கடந்த இரண்டு வாரங்களில், வழக்கமாகச் செய்யும் வேலைகளில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்த நாட்கள் எத்தனை? மனம் தளர்ந்து, நம்பிக்கையிழந்து இருந்த நாட்கள் எத்தனை? பாதிக்கு மேற்பட்ட நாட்கள் என்றால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் குணம் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. போதைப் பழக்கம்போல அடிமையாக்கிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. ஆனால் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தவும் கூடாது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும், யாரிடமும் சொல்லாமல் அதனுடன் தனித்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். உடனிருப்போர் அவ்வெண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்பதால் அது வளர்ந்துவிடாது. கேளுங்கள், தனியே விடாமல் அழைத்து வாருங்கள்.

உப்பளப் பெண்மணிக்கு ஸ்கேன் தேவைப்படவில்லை. மருத்துவர் மனச்சோர்வுக்கு மருந்து எழுதித் தந்தார். எங்கள் சமூகப் பணியாளர் அவருடன் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணிய கடன்களை ஒரு தாளில் எழுதினார். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஐந்து இடங்களில் கடன். அவற்றுள் ஒன்று ஏற்கெனவே அடைபட்டிருந்ததும், அதற்குரிய இரசீது பீரோவில் கிடந்ததும் அடுத்த வாரம்தான் தெரியவந்தது. அடுத்தமுறை கணவரும் வந்திருந்தார். வங்கிக்குப் போய் இருப்பைப் பார்த்தபோது, வந்ததா என்று அறியாதிருந்த சில மாதத் தொகை கணக்கில் அப்படியே இருந்தது. கைப்பேசி எண்ணை மாற்றிக்கொண்டார்.

தை பிறந்து பாத்திகளில் வேலை தொடங்கியபின் ஒருநாள் மறுபரிசோதனைக்கு வந்தார். தலைவலி முற்றும் போகவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் இருக்கிறது என்றார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. தூக்கம் ஐந்து மணிவரை வருகிறது. எழுதிய தாள் வியர்வையில் நனைந்து கிழிந்துவிட்டதால், மகளின் பழைய கணக்கு நோட்டில் பெயர்த்து எழுதிக் கொண்டுவந்திருந்தார். கடைசிப் பக்கத்தில் தனியாகக் கோடிட்டு ‘எனக்கு’ என்று தலைப்பிட்டிருந்தது. அதன்கீழ் இருநூறு ரூபாய்.

“இதையும் எழுதணுமா, டாக்டரம்மா?” என்று கேட்டார். எழுத வேண்டும் என்று மருத்துவர் சொல்லி, அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தார்.